வல்லாளனின் பிள்ளை

எனக்குப் பத்து வயதோ பதினொன்றோ. திருவண்ணாமலையில் ஒரு தைப்பூசம். ஈசானிய குளத்தில் சுவாமிக்குத் தீர்த்தவாரி என்றால் எங்கள் தெருப் பையன்களில் ஒருவன்கூட வீட்டில் தங்கமாட்டான். நானும் கூட்டத்தோடு கூட்டமாக ஓடியிருந்தேன். போகும்போது நாகஸ்வரமும் தவிலும் காதைப் பிளந்தன. தீர்த்தவாரி முடிந்து சுவாமி கோயிலுக்குத் திரும்புகிற நேரத்தில் பார்த்தால் மேளச் சத்தத்தைக் காணோம். வாத்தியக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நடந்துவந்தார்கள். இத்தனை பெரிய கூட்டத்துக்கு நடுவில் சுவாமி மட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் லைப்ரரி ஐயா நின்றிருந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். "ஏன் ஐயா, மேளம் நின்னு போச்சு?" என்று கேட்டேன்.

"சாமிக்கு அப்பா செத்துப்போன சேதி வந்திருக்குடா. சாவுச் சேதி வந்த வீட்டுப் பிள்ளை மேளத்தோடயா வீட்டுக்குப் போவான்?" என்றார்.

"சாமிக்கு ஏது ஐயா அப்பா?"

"ஏன், வல்லாள மகாராஜா இல்லே?" என்றார் அவர். பக்கத்து வீட்டுக்காரரின் பேரைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பிறப்பும் இறப்பும் இல்லாதவர் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கடவுளுக்குத் தகப்பனார் ஒருவர் இருந்தார், அவர் செத்தும் போனார் என்பதை அன்றைக்கு என்னால் நம்ப முடியவில்லை. ஊரில் அதை நம்பாதவர்களே கிடையாது. தைப்பூசத்தன்று சேதி வருகிறது. அடுத்த மாதம் மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் ஊரை விட்டுப் புறப்பட்டுப் பள்ளிகொண்டாப்பட்டு என்ற கிராமத்துக்குப் போகிறார். அங்கே கௌதம நதிக் கரையில், ஒரு மகன் தகப்பனுக்குச் செய்யவேண்டிய திதியைச் செய்துவிட்டுத் திரும்புகிறார். இது ஆண்டுதோறும் நடக்கிறது. நம்முடைய நாட்டில் மனிதர்கள் கடவுளுக்குச் செய்யும் உற்சவங்கள் ஆயிரம் உண்டு. கடவுள் ஒரு மனிதனுக்கு நீர்க்கடன் செய்கிற உற்சவத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் அது விரிவாக வருகிறது. வல்லாள மகாராஜாவுக்கு மல்லமாதேவி, சல்லமாதேவி என்று இரண்டு மனைவிகள், பிள்ளை இல்லை. கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுப்பேன் என்பது அவர் விரதம். பரமசிவன் அடியார் வேஷத்தில் வந்து, இன்றிரவு எனக்கு ஒரு தாசி வேண்டும் என்று கேட்கிறார். ஊரில் இருக்கும் தாசிகள் எல்லோரையும், சொல்லிவைத்தாற்போல, சிவகணங்கள் முன்னாடியே அமர்த்திக்கொண்டுவிடுகின்றன. சொன்ன சொல் தவறப்போகிறதே என்று ராஜா துடிக்கும்போது, இளைய ராணி சல்லமாதேவி, நான் போகிறேன் என்கிறாள். அடியார் தூங்குவது போலப் பாவனை செய்கிறார். அவள் தொட்டதும் பச்சைக் குழந்தையாகி அழுகிறார். ராஜா ஓடிவந்து அள்ளி எடுக்கிறார். ஒரு நிமிஷம் மடியில் கிடந்த குழந்தை அடுத்த நிமிஷம் மறைந்துவிடுகிறது. உனக்கு நானே பிள்ளை, உன் கடைசிக் கடனை நானே செய்வேன் என்ற வாக்கு மட்டும் மிஞ்சுகிறது.

இந்தக் கதையை இன்றைக்குப் படிக்கிற பெண்மணிகளுக்குக் கோபம் வரும், வரவேண்டியதுதான். புருஷனின் விரதத்தைக் காப்பாற்ற மனைவி எதை எல்லாம் கொடுக்கவேண்டியிருக்கிறது! இருந்தாலும் எனக்கு ஒன்று தோன்றுவதுண்டு. இந்தக் கதையில் தைரியமாக ஒரு காரியம் செய்கிறவள் சல்லமாதேவி ஒருத்திதான். ராஜா வாக்குக் கொடுத்தார், அவ்வளவே. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனவள் அவள். குழந்தையை முதலில் தொட்டவளும் அவள்தான். ஆனால் திதி ராஜாவுக்கு மட்டும்!

போகட்டும். கதைக்குப் பின்னால் ஒரு நிஜ மனிதர் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

சரித்திரத்தில் அவர் பெயர் மூன்றாம் வீர வல்லாளன். ஹொய்சள வம்சத்து ராஜா. கன்னட தேசத்துத் துவாரசமுத்திரம் அவருடைய தலைநகர். இன்றைக்கு நாம் ஹளேபீடு என்று சுற்றுலா போய்ச் சிற்பங்களைப் படம் பிடித்துக்கொண்டு வருகிறோமே, அதே இடம். 1291, 92 வாக்கில் பட்டத்துக்கு வந்து, ஏறத்தாழ ஐம்பது வருஷம் ஆண்டவர்.

அவர் பத்தரைமாற்றுத் தங்கம் என்று நான் சொல்லவரவில்லை. 1311-ல் பாண்டிய நாட்டில் சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் சிம்மாசனத்துக்குச் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தக் குழப்பத்தில் நமக்குக் கொஞ்சம் நிலம் கிடைக்காதா என்று தெற்கே போயிருந்தார். அந்தச் சமயம் பார்த்து டில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் சேனாதிபதி மாலிக் காபூர் துவாரசமுத்திரத்து வாசலில் வந்து நின்றான். வல்லாளர் அலறியடித்துக்கொண்டு திரும்பினார், பணிந்தார், பொருளைக் கொடுத்தார். அத்தோடு நிற்காமல், பாண்டிய நாட்டுக்குப் போக டில்லிப் படைக்கு வழிகாட்டவும் ஆள் கொடுத்தார். தன் வீட்டில் பற்றிய நெருப்பைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைத்த கணக்குத்தான். பயந்த மனிதன் செய்கிற காரியம், ராஜாவானால் என்ன?

அதற்குப் பிறகு 1327 வாக்கில் முகம்மது பின் துக்ளக்கின் படையால் துவாரசமுத்திரம் மறுபடியும் சூறையாடப்பட்டது. வல்லாளருக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அந்த வயதில், வீடு வாசல் இழந்த குடும்பஸ்தனைப் போல, அவர் வேறு ஊர் தேடிக்கொண்டு வந்தார். 1328-லிருந்து அவர் உண்ணாமலையில் இருந்து ஆண்டதாகக் கல்வெட்டுக்கள் சொல்கின்றன. உண்ணாமலை என்றால் நம் திருவண்ணாமலைதான். வடக்கே டில்லியின் படைகள், தெற்கே 1335-ல் டில்லியை உதறிவிட்டுத் தனியாகக் கிளம்பிய மதுரை சுல்தான்கள். இரண்டுக்கும் நடுவில், முதுகுக்கு மலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் கிழவர்.

பாஷை வேறு, தேசம் வேறு. ஊர்க்காரர்கள் அவரை எப்படி வரவேற்றிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ராஜா வந்தால் கூடவே படை வரும். படை வந்தால் தானியம் போகும், வைக்கோல் போகும், நிம்மதி போகும். எந்த ஊர்தான் சந்தோஷப்படும்? ஆனால் அந்தப் பதினாலு வருஷத்துக்குள் ஏதோ நடந்திருக்கிறது. ராஜகோபுரத்தைத் தாண்டி, இடது கைப்பக்கம் சிவகங்கைத் தீர்த்தத்தையும் வலது கைப்பக்கம் ஆயிரங்கால் மண்டபத்தையும் விட்டு மேலே நடந்தால் வருகிறதே, அது வல்லாள கோபுரம். அவர் கட்டியது. கட்டிமுடித்ததும் அவருக்குக் கொஞ்சம் கர்வம் வந்ததாகவும், அதனால் உற்சவத்தில் சுவாமி அந்தக் கோபுர வழியாக வரமாட்டேன் என்று பல நாள் பிடிவாதம் பிடித்ததாகவும், ராஜா மனம் உருகி அழுத பிறகே பத்தாம் நாள் வந்ததாகவும் ஊரில் சொல்வார்கள். பிடிவாதம் பிடிக்கிற பிள்ளை, கர்வம் பிடித்த அப்பா! திதி கொடுப்பதற்கு முன்னாலேயே உறவு நன்றாக முற்றிவிட்டது போலும்.

அதே கோயிலில் 217 அடி உயர ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். முடித்தவர் தஞ்சாவூர் சேவப்ப நாயக்கர். வல்லாள கோபுரத்தைவிட எவ்வளவோ உயரம். எட்ட இருந்து வருகிறவர்களுக்குக் கண்ணில் படுவதும் அதுதான். ஆனால் கிருஷ்ணதேவராயரை யாரும் சுவாமிக்கு அப்பா என்று சொல்வதில்லை.

இனி அவர் முடிவுக்கு வருகிறேன். இதை எழுதிவைத்தவர் நம்மவர் அல்ல. ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் மொராக்கோவில் பிறந்து உலகத்தின் பாதியைச் சுற்றிய யாத்திரிகர் இப்னு பதூதா. மாலத்தீவில் இருந்துவிட்டு இலங்கை வழியாக வந்து, கடலில் அகப்பட்டு, நம் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரை சுல்தான் கியாசுதீன் தம்கானி. யாத்திரிகரும் சுல்தானும் அக்கா தங்கைகளை மணந்தவர்கள், அதாவது சகலைகள். ஆகவே உள்வீட்டு விஷயங்கள் அவருக்குத் தெரிந்திருந்தன. சகலைப் பாசத்தில் எதையும் அவர் மறைக்கவும் இல்லை.

அவர் எழுதியிருப்பது இது. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கண்ணனூர்க் கொப்பம் என்று ஒரு கோட்டை. இன்றைய சமயபுரத்துப் பக்கம். ஒரு காலத்தில் ஹொய்சளர்களே தலைநகராக வைத்திருந்த இடம். அது மதுரைக்காரர் கையில் இருந்தது. வல்லாளர் அதை முற்றுகையிட்டார். வல்லாளரின் படையில் முஸ்லிம் வீரர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இதை மதச் சண்டையாக மட்டும் பார்க்கிறவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்ளே இருந்தவர்களுக்குப் பதினாலு நாளைக்குத்தான் சாப்பாடு மிச்சம். கோட்டையை விட்டுவிட்டால் உயிரோடு போகலாம் என்றார் வல்லாளர். எங்கள் சுல்தானைக் கேட்கவேண்டும் என்றார்கள் அவர்கள். சரி, பதினாலு நாள் தவணை தருகிறேன், கேட்டு வாருங்கள் என்றார்.

எண்பது வயதுக் கிழவர். கையெட்டும் தூரத்தில் வெற்றி. எதிரியின் கடிதம் மதுரைக்குப் போய்ச் சேரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். மதுரையில் அந்தக் கடிதத்தைப் படித்துக் கேட்ட ஜனங்கள் அழுதார்கள். சாவது என்றால் சண்டையிட்டுச் சாவோம் என்று சுல்தானோடு புறப்பட்டார்கள். ஒரு நடுப்பகலில், குதிரைகளை மேய்ச்சலுக்கு விட்டுவிட்டு ஹொய்சளப் பாளையம் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், வந்து விழுந்தார்கள். யாரோ திருடர்கள் என்று நினைத்து, ஒழுங்கில்லாமல் எழுந்து ஓடிவந்தார்கள் இவர்கள். சுல்தானின் சகோதரர் மகன் நாசிருத்தீன் ஒரு கிழவரைப் பிடித்து வெட்டப்போனான். கூட இருந்த அடிமை ஒருவன், இவர்தான் ராஜா என்றான். கத்தி நின்றது.

அந்தக் கத்தி நிற்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுல்தான் அவரை மரியாதையாகவே நடத்தினான், விடுதலை செய்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அவரிடமிருந்த பணம், யானை, குதிரை எல்லாவற்றையும் கறக்கும்வரை. பிறகு கொன்றான். தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டான். அது தொங்குவதை நானே பார்த்தேன் என்று எழுதுகிறார் இப்னு பதூதா.

இது நடந்தது 1342-ல். சகலையின் கொடுமைகளை, முக்கியமாகப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை, மன்னிக்க அந்த யாத்திரிகரால் முடியவில்லை. அதனாலேயே ஆண்டவன் அவன் முடிவைச் சீக்கிரப்படுத்தினான் என்கிறார். கொள்ளை நோயில் மகனையும் தாயையும் பறிகொடுத்து, தானும் 1344 வாக்கில் போய்ச் சேர்ந்தான் சுல்தான். அவன் பிள்ளைச் சோகத்தைப் படிக்கும்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மதுரையில் அந்த வருஷம் செத்தவர்களில் எத்தனையோ பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள்.

இப்போது ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். வல்லாளருக்குப் பிள்ளை இல்லை என்பது கதை. சரித்திரத்தில் அவருக்குப் பிள்ளை இருந்தான்! வீர விருபாட்சன் என்று பெயர். 1311-ல் தோற்றுப் பணிந்தபோது தகப்பனார் இந்தப் பையனைத்தான் டில்லிக்கு அனுப்பிவைத்தார். போன பையன் 1313-ல் பத்திரமாகத் திரும்பிவந்தான். அந்தத் திரும்புதலைக் கன்னட நாட்டில் கல்லிலே வெட்டிவைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு வருஷமும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தகப்பனை எண்ணிப் பாருங்கள். பிள்ளை இல்லாதவன் படுகிற துக்கம் ஒரு விதம். பிள்ளையை எதிரி கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவன் படுகிறது வேறு விதம்.

அந்த விருபாட்சன் 1343-ல் முடி சூட்டிக்கொண்டான். மூன்றே வருஷம். 1346-க்குள் அவனும் இல்லை, ஹொய்சள ராஜ்யமும் இல்லை. ஹரிஹரர், புக்கர் என்ற சகோதரர்கள் எழுப்பிய விஜயநகரம் அந்த நிலத்தை எல்லாம் எடுத்துக்கொண்டது.

ஊர் ஏன் இந்தப் பிள்ளையை மறந்தது? நான் சரித்திர ஆசிரியன் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆகையால் எனக்கு ஊகம் செய்ய உரிமை உண்டு. ராஜா போருக்குப் போனார், திரும்பவில்லை, சேதி மட்டும் வந்தது. உடம்பு வரவில்லை. தோல் மதுரை மதிலில் தொங்கும்போது எந்தப் பிள்ளைதான் எதற்குக் கொள்ளி வைப்பது? விருபாட்சனும் போன பிறகு, வருஷா வருஷம் எள்ளும் தண்ணீரும் இறைக்க அந்த வம்சத்தில் ஆள் இல்லை. நம் ஜனங்களுக்கு இது தாங்காது. எதிரிக்குக்கூடக் கடைசிக் காரியம் நடக்கவேண்டும் என்று நினைக்கிறவர்கள் நாம். பதினாலு வருஷம் தங்கள் நடுவில் இருந்த கிழவருக்கு யாராவது பிள்ளையாக வேண்டுமே! செத்துப்போகாத பிள்ளையாக, ஊரை விட்டுப் போகாத பிள்ளையாக ஒருவரைத் தேடியிருக்கிறார்கள். ஊரில் அப்படி இருந்தவர் ஒருவர்தான்.

மதிலையும் வைக்கோலையும் கதை ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை என்பதையும் கவனித்தேன். தெரியாமல் விட்டார்கள் என்று நான் நம்பவில்லை. சாவு வீட்டில் சில விஷயங்களைப் பேசமாட்டோம் அல்லவா?

லைப்ரரி ஐயாவைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன்.

எங்கள் தெருமுனையில் வாடகைக்குப் புத்தகம் விடும் சின்னக் கடை ஒன்று வைத்திருந்தார். ஒரு நாவலுக்கு வாடகை ஐம்பது பைசா. என்னிடம் அவர் வாங்கியதே இல்லை. "கணக்கிலே எழுதிவைக்கிறேன், பெரியவனானதும் கொடு" என்பார். நிஜமாகவே ஒரு நோட்டில் எழுதுவார். அவருக்கும் பிள்ளை கிடையாது. ஒரு முறை பரீட்சைப் பணம் கட்ட வீட்டில் வழியில்லாமல் நான் கடை வாசலில் உட்கார்ந்திருந்தபோது, ஒன்றும் கேட்காமல் கல்லாவைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். அதையும் அந்த நோட்டில் எழுதிக்கொண்டார். நான் எழுதிய முதல் கதை பத்திரிகையில் வந்தபோது அந்த இதழில் பத்துப் பிரதி வாங்கி, வாடகைப் புத்தகங்களுக்கு நடுவில் அடுக்கிவைத்திருந்தாராம். "இருந்தாராம்" என்றுதான் எழுதவேண்டியிருக்கிறது. நான் அப்போது சென்னையில் இருந்தேன். கடிதம் போடவேண்டும், போடவேண்டும் என்று இருந்தேன். அடுத்த தீபத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருந்தேன். அவர் போய்ச்சேர்ந்து மூன்று மாதம் கழித்து, கோயம்பேடு பஸ் நிலையத்தில் தற்செயலாகச் சந்தித்த ஊர்க்காரர் ஒருவர், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் சொன்னார். பஸ் புறப்படுகிற அவசரம். "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் பஸ்ஸில் பாட்டுப் போட்டுக்கொண்டே வந்தார்கள். நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

சில வருஷங்களுக்கு முன் ஒரு மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போயிருந்தேன். இந்தக் கட்டுரைக்கு விஷயம் சேகரிக்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். சுவாமி வந்திருந்தார். சுற்றுப்பட்ட ஊர்களில் இருந்தெல்லாம் ஜனங்கள் வந்திருந்தார்கள். சுவாமியே திதி கொடுக்கிற நாள் என்பதால், தாய் தகப்பனை இழந்தவர்கள் பலர் அங்கங்கே உட்கார்ந்து தங்கள் மனிதர்களுக்கும் எள் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாஸ்திரிகள் என்னைப் பார்த்து, "உட்காருங்கோ, தகப்பனாருக்கா?" என்றார்.

"இல்லை. அப்பா இருக்கிறார்" என்றேன்.

அவருக்குத் திகைப்பு. தகப்பன் உயிரோடு இருக்கிறவன் எள்ளைத் தொடலாமா என்று யோசித்தார் போலும். "அப்போ யாருக்கு? என்ன உறவு?"

"உறவு இல்லை. அவருக்கு நான் கொஞ்சம் பணம் பாக்கி."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நீங்க எள்ளைத் தொடவேண்டாம். நான் இறைக்கிறேன். பக்கத்துலே நின்னுக்கோங்கோ. பேர் சொல்லுங்கோ" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த விஷயம் உறைத்தது. இத்தனை வருஷத்தில் நான் அவரை லைப்ரரி ஐயா என்று கூப்பிட்டேனே ஒழிய, பெயரைக் கேட்டதில்லை. கடைப் பலகையில்கூட நூல் நிலையம் என்றுதான் இருந்தது. அவருக்கு என் பெயர், இனிஷியல், வகுப்பு, நான் எந்தப் புத்தகத்தை எத்தனை முறை எடுத்தேன் என்பதுவரை அந்த நோட்டில் இருந்தது.

"பேர் தெரியாது சாமி. கோத்திரமும் தெரியாது."

கொஞ்ச தூரத்தில் சுவாமியைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியடித்தது. சாஸ்திரிகள் அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, எள்ளை எடுத்துத் தம் கையில் போட்டுக்கொண்டார்.

"தெரியாட்டி சிவ கோத்திரம்னு சொல்றது வழக்கம். சொல்லிடலாமா?" என்றார்.